அமுக்கரா கேப்சூல் வாங்கும் முன்

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குத் தூக்கம் போய் இரண்டு வருடம் ஆகிறது. பெரியப்பா இறந்த பிறகு தொடங்கியது. ஒன்பது மணிக்குப் பாயை விரிப்பாள், பத்துக்குள் கண் அசந்துவிடும், இரண்டு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை மச்சைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. போன வருடம் கோயில் கொடைக்கு பெங்களூரிலிருந்து வந்த மகன் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அம்மா இருட்டில் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். பெங்களூர் திரும்பியதும் போனிலேயே தேடி, தூக்கத்துக்கும் மனக்கவலைக்கும் நல்லது என்று போட்டிருந்த அசுவகந்தா கேப்சூல் ஒரு பாட்டில் ஆர்டர் பண்ணி வீட்டுக்கு அனுப்பிவைத்தான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

மூன்று வாரத்தில் கொஞ்சம் பரவாயில்லை என்றாள். ஆறாவது வாரம் நெஞ்சு படபடத்தது. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. வழக்கம்போலச் சாப்பிட்டும் உடம்பு இளைத்தது. டாக்டரிடம் அழைத்துப் போனோம். பெரியம்மா தைராய்டு குறைவுக்குப் பத்து வருடமாகத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவள். ரத்தப் பரிசோதனையில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அது அப்படி இறங்கினால், உடம்பில் தைராய்டு ஹார்மோன் தேவைக்கு மேல் ஓடுகிறது என்று அர்த்தம். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுதியளா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லையே" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது மருந்தே இல்லை. வீட்டுக்கு வந்து, மிக்சி பக்கத்தில் இருந்த பாட்டிலை நான் எடுத்துக் காட்டியபோது, "இது மருந்தா எய்யா? வேர்ப்பொடில்லா?" என்று கேட்டாள்.

டாக்டரிடம் போனில் சொல்லி, கேப்சூலை நிறுத்தினோம். இரண்டு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் அளவு பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஒரு ஆளுக்கு நடந்ததை வைத்து இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வேர் தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும் என்பது மருத்துவ உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். பாட்டில் வீட்டுக்கு வந்த வழியில், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. அந்தக் கேள்வி விட்டுப்போனதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

பாட்டிலில் அசுவகந்தா என்று எழுதியிருப்பது நமக்குப் புதிய சரக்கு இல்லை. நம் நாட்டு மருந்துக் கடைகளில் காலங்காலமாக இருக்கும் அமுக்கராக் கிழங்குதான் அது. திருநெல்வேலி டவுனில் கடைக்குப் போய் "அண்ணாச்சி, அமுக்கரா நூறு கிராம்" என்று கேட்டால், வெளிறிய காய்ந்த குச்சிகளை எடுத்து நிறுத்துத் தருவார். சீமை அமுக்கரா என்றும் சொல்வார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே மாவு வெள்ளையாக இருக்கும். பச்சை வேரில் குதிரை வாடை அடிக்கும் என்பதால்தான் வடமொழியில் அசுவகந்தா. அசுவம் குதிரை, கந்தம் வாசனை. செடி கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது, மணத்தக்காளிக்கும் சுண்டைக்காய்க்கும் உறவு. காகிதம் போன்ற உறைக்குள் சின்னச் சிவப்புப் பழம் பழுக்கும். தாவரவியல் பெயரின் பின்பாதி சோம்னிஃபெரா. லத்தீனில் அதற்குத் தூக்கம் தருவது என்று பொருள். ஆக, தூக்கத்துக்கும் இந்த வேருக்கும் உள்ள தொடர்பை விளம்பரக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை.

நம் பக்கத்தில் மூலிகை என்றதும் பொதிகையும் அகத்தியரும்தான் மனதில் வருவார்கள். அகத்தியமலை 2001-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. அதன் மூலிகை வளத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அமுக்கரா மழைக்காட்டுச் செடி இல்லை. வறண்ட மண்ணில் வளர்வது. சந்தைக்கு வரும் கிழங்கில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கத்தில் வயலில் பயிராகி லாரியேறி வருவது. குற்றாலத்தில் சாலையோரம் விற்கிறவர் இது மலையிலிருந்து பிடுங்கியது என்று சொன்னால், அந்த ஒரு பேச்சுக்காக நம்பி வாங்க வேண்டாம்.

சித்த மருத்துவத்தில் இதை வெறும் வேராக அப்படியே விழுங்கச் சொல்வது குறைவு. அமுக்கரா சூரணம் என்று ஒரு செய்முறை இருக்கிறது. அதன் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முன்னதன் இரட்டிப்பு. ஏட்டைப் பார்க்காமலே ஒரு வைத்தியர் மனதில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. மொத்தம் 255 பங்கு. அதில் அமுக்கரா கால்வாசி, சர்க்கரை பாதி. டீஸ்பூனில் 3 கிராம் எடுத்தால் அமுக்கரா முக்கால் கிராம்தான் இருக்கும், சர்க்கரை ஒன்றரை கிராம்.

கிழங்கைச் சுத்தி செய்யும் விதமும் பார்க்க வேண்டியது. பானையில் பாதி பாலும் நீருமாக ஊற்றி, வாயில் துணியைக் கட்டி, அதன் மேல் கிழங்குப் பொடியைப் பரப்பி மூடி, புட்டு அவிப்பது போல ஆவியில் வேகவைப்பார்கள். பிறகு நிழலில் உலர்த்தி மறுபடி இடித்துச் சலிப்பார்கள். என் தாத்தாவுக்குக் கை வைத்தியம் தெரியும். சின்ன வயதில் நான் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவித்த பொடி கையில் ஒட்டும், பால் வாசனைக்குள் ஒரு கசப்பு வாடை இருக்கும். அந்தச் சூரணத்தைப் பாலிலோ தேனிலோ குழைத்து, இத்தனை நாளைக்கு என்று கணக்குச் சொல்லித்தான் கொடுப்பார். அமுக்கரா சூடு என்பது அவர்கள் பாடம். கூடவே சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்வதால், வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

கேப்சூல் வேறு சங்கதி. அதில் பெரும்பாலும் இருப்பது பொடி இல்லை, சத்துச் சாறு. கிழங்கைத் தண்ணீரிலோ சாராயக் கரைசலிலோ ஊறவைத்து, கரைந்து வந்ததை வற்றவைத்துப் பொடியாக்குவார்கள். லேபிளில் பத்துக்கு ஒன்று என்று போட்டிருந்தால், 10 கிலோ கிழங்கு 1 கிலோவாகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். வித்தனோலைடு என்பது இந்த வேரில் உள்ள முக்கியமான வேதிப்பொருள் கூட்டம். அது ஒரு பாட்டிலில் 5 சதவீதம் என்று இருக்கும், இன்னொன்றில் 10, மற்றொன்றில் 35. மூன்றுக்கும் பெயர் ஒன்றே. 300 மில்லிகிராம் கேப்சூலில் 5 சதவீதம் என்றால் 15 மில்லிகிராம் வித்தனோலைடு. 35 சதவீதம் என்றால் 105. ஏழு மடங்கு வித்தியாசம். "எங்க ஆச்சி காலத்துலயே சாப்பிட்டதுதான்" என்று சொல்லி இந்தக் கேப்சூலை விழுங்கும்போது, ஆச்சி சாப்பிட்டதும் நாம் சாப்பிடுவதும் ஒரே அளவா என்று பார்ப்பதில்லை. பழைய அனுபவம் சான்று சொல்வது பாலில் அவித்த, கால்வாசி அமுக்கரா உள்ள சூரணத்துக்கு. சாறு வற்றவைத்த கேப்சூலுக்கு அந்தச் சான்றைக் கடன் கொடுக்க முடியாது.

இலை விஷயமும் உண்டு. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் உள்மருந்தாகப் பெயர்பெற்றது வேர்தான். இலையிலும் வித்தனோலைடுகள் இருப்பதால், விலை மலிவாக முடியும் என்று சிலர் இலைச் சாற்றைச் சேர்க்கிறார்கள். இதை நிறுத்தச் சொல்லி ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் மருந்து தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. அதனால் லேபிளில் வேர் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

சரி, தூக்கம் வருகிறதா இல்லையா?

வருகிறது, கொஞ்சம். இதை வைத்து நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை நம் நாட்டில் நடந்தவை, சிறியவை. 2019-ல் வெளியான ஒரு சோதனையில் தூக்கமில்லாத 60 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாறு தினம் இரண்டு வேளை, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் கேப்சூல் என்று 10 வாரம் கொடுத்தார்கள். முடிவில், படுத்ததிலிருந்து தூக்கம் பிடிக்க அமுக்கரா சாப்பிட்டவர்களுக்கு சராசரி 29 நிமிடம் ஆனது. வெறும் கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கு 34 நிமிடம். ஐந்து நிமிட வித்தியாசம். இதைத்தான் விளம்பரம் "ஆழ்ந்த உறக்கம் நிச்சயம்" என்று எழுதும். தூக்கத்தின் தரம் போன்ற வேறு அளவுகளிலும் முன்னேற்றம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2021-ல் இப்படிப்பட்ட 5 சோதனைகளை, மொத்தம் 400 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் உண்மையானது, ஆனால் சிறியது என்று வந்தது. ஏற்கெனவே தூக்கமின்மை உள்ளவர்களுக்கு, நாளைக்கு 600 மில்லிகிராமும் அதற்கு மேலும், 8 வாரமாவது சாப்பிட்டவர்களுக்குத்தான் அது கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. இன்றிரவு ஒன்று போட்டு நாளை காலை பலன் பார்க்கும் சரக்கு இது இல்லை.

மனக்கவலை விஷயத்திலும் படம் கிட்டத்தட்ட இதேதான். நமக்கு நெருக்கடி வரும்போது அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சாதாரணமாக அது காலையில் ஏறி, இரவில் இறங்கவேண்டும். ஓயாத கவலையில் இருப்பவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் கெட்டுப்போகும். 2012-ல் 64 பேரிடம் 60 நாள் நடந்த சோதனையில், வேர்ச்சாறு சாப்பிட்டவர்களுக்குக் கார்ட்டிசால் சுமார் 28 சதவீதம் குறைந்தது, மன அழுத்தத்தை அளக்கும் கேள்வித்தாளிலும் மதிப்பெண் குறைந்தது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வழியிலும் இது வேலை செய்யலாம் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தார் 2017-ல் இலையிலிருந்து டிரை எத்திலீன் கிளைக்கால் என்ற பொருளைப் பிரித்து எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகள் தூங்கின. எலி தூங்கியது எலிக்கான செய்தி. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிட்டன, பலவற்றுக்கும் சாறு கொடுத்தவை அதை விற்கும் நிறுவனங்களே. மூன்று மாதத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போதிய சோதனை ஆதாரம் இல்லை. நம் வீடுகளில் ஒரு பாட்டில் முடிந்தால் அடுத்த பாட்டில் வருகிறது, வருடக்கணக்கில்.

கெடுதல் என்று பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு வயிற்றைப் பிரட்டுவதும், இளக்கமாகப் போவதும், பகலில் அசதியாக இருப்பதும்தான். நிறுத்தினால் சரியாகிவிடும். நான் பயப்படுவது ஈரலை நினைத்து.

ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அசுவகந்தா சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்த 5 பேரைப் பற்றி 2020-ல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. எல்லாரும் பிழைத்தார்கள். வெளிநாட்டில் வேறு ஏதோ கலப்படமாக இருக்கும், நம் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று பலரும் தள்ளிவிட்டார்கள். 2023-ல் நம் நாட்டு ஈரல் மருத்துவர்களே பல மருத்துவமனைகளிலிருந்து 23 பேரின் விவரத்தைத் திரட்டினார்கள். அவர்களில் 8 பேர் வேறு மூலிகை எதுவும் கலக்காத, அமுக்கரா மட்டும் உள்ள சரக்கைச் சாப்பிட்டவர்கள். அந்த 8 பேரில் 5 பேருக்கு ஏற்கெனவே நாள்பட்ட ஈரல் நோய் இருந்தது. அந்த ஐந்து பேரில் மூன்று பேர் ஈரல் செயலிழந்து இறந்துபோனார்கள். நாடு முழுக்க எத்தனை லட்சம் பேர் இதைச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்தால், இது அபூர்வம்தான். ஆனால் யாருக்கு இது அபூர்வம் இல்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது: ஈரல் ஏற்கெனவே கெட்டவர்களுக்கு. கொழுப்பு படிந்த ஈரல் என்று ஸ்கேனில் எழுதி வாங்கியவர்களும், நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்களும் நம் தெருவுக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். குடியை விட்டு, தூக்கம் வராமல் தவிக்கும் ஒருவர்தான் இந்தக் கேப்சூலை ஆசையோடு வாங்குவார். அவருக்குத்தான் இது ஆகாது.

இந்த ஈரல் பாதிப்பு சாப்பிடத் தொடங்கி இரண்டு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் தலைகாட்டும். உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கடுந்தேநீர் நிறம், பசியில்லாமை, அப்புறம் கண்ணில் மஞ்சள். நம் பக்கத்தில் கண் மஞ்சளானால் முதல் காரியமாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பார்கள். என் கவலை கீழாநெல்லியைப் பற்றியது இல்லை. பச்சிலை கொடுத்துப் பத்தியம் இருக்கும் அந்த இரண்டு வாரமும் இந்தக் கேப்சூல் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும், ஏனென்றால் அதை யாரும் மருந்தாகவே எண்ணவில்லை. அரிப்போ மஞ்சளோ கண்டால் அன்றே கேப்சூலை நிறுத்தி, ஈரல் பரிசோதனை எடுத்துவிட வேண்டும்.

தைராய்டுக்கு வருவோம். தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேரை வைத்து 2018-ல் ஒரு சோதனை நடந்தது. 8 வாரம் 600 மில்லிகிராம் சாறு கொடுத்ததில் ஹார்மோன் அளவு ஏறியது, டி.எஸ்.எச். இறங்கியது. சோதனை செய்தவர்கள் இதை நல்ல பலன் என்று எழுதினார்கள், அந்த நோயாளிகளுக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே தைராக்சின் மாத்திரையில் அளவு சரிபண்ணி வைத்திருக்கும் ஒருவருக்கு அதுவே கூடுதல் பாரம். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கோ நேரடி ஆபத்து. படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை: தைராய்டு கூடினால் வருவது இவைதான். தூக்கத்துக்காகச் சாப்பிட்டதே தூக்கத்தைக் கெடுக்கும் என்று பெரியம்மா வீட்டில் யாருக்குத் தோன்றும்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இதைத் தொடக்கூடாது; கருவுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை பல நாடுகளில் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இரண்டையும் மேலும் இறக்கி மயக்கம் வரவைக்கலாம். தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு மந்தம் கூடும். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டக்கூடியது என்பதால், சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களும், முடக்குவாதம் போல உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்களும் விலகி இருக்கவேண்டும். ஆண் ஹார்மோனைக் கூட்டக்கூடும் என்பதால் புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களும் அப்படியே. ஆபரேஷன் நாள் குறித்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு டாக்டரிடமும் சொல்லவேண்டும். டென்மார்க் அரசு தைராய்டு, பாலியல் ஹார்மோன், கர்ப்பம் மூன்றையும் காரணம் காட்டி 2023-ல் இதை உணவுப் பொருளாக விற்பதையே தடை செய்துவிட்டது. அது அளவுக்கு மீறிய நடவடிக்கை என்பது என் எண்ணம். முறையாகக் கொடுத்தால் பயன்படும் ஒரு வேரை முழுக்கத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் சொன்ன மூன்று காரணமும் நமக்கும் பொருந்தும்.

நம் ஊரில் இது இரண்டு வாசல் வழியாக விற்பனைக்கு வருகிறது. ஒன்று, சித்த அல்லது ஆயுர்வேத மருந்து என்று மருந்து உரிமம் வாங்கி வருவது. இன்னொன்று, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணோடு சத்து உணவாக வருவது. பெரியம்மா பாட்டில் இரண்டாவது வகை. அந்த வகைக்கு ஒரு விதி உண்டு: மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று லேபிளில் அச்சிட்டே ஆகவேண்டும். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது, ஆங்கிலத்தில், என் தம்பி ஆர்டர் பண்ணிய பக்கத்தில் இருந்த "கவலை தீரும், தூக்கம் வரும்" என்ற எழுத்தைவிட எத்தனையோ மடங்கு சின்னதாக. படித்த பிள்ளை அவன். அவனுக்கே கண்ணில் படவில்லை. அம்மா தூங்கவேண்டும் என்ற தவிப்பில் வாங்குகிறவனுக்கு அது கண்ணில் படாது. அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை.

நமக்கு இருக்கும் ஒரு வசதி மற்ற பல ஊர்க்காரர்களுக்கு இல்லை. பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனைக்குக் காலையில் போனால் புற நோயாளிச் சீட்டு போட்டு, நாக்கு, நாடி பார்த்து, பசி, மலம், தூக்கம் எல்லாம் கேட்டுத்தான் மருந்து எழுதுவார்கள். அமுக்கரா சூரணம் தேவைப்பட்டால் அங்கேயே கிடைக்கும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் சொல்லிவிடுவார்கள். நாங்கள் பெரியம்மாவை அழைத்துப் போனபோது அங்கிருந்த மருத்துவர், தைராக்சின் சீட்டைப் பார்த்ததும், "அமுக்கரா உங்களுக்கு இப்ப வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். ஒரே நிமிடம். அந்த ஒரு நிமிடம் ஆர்டர் பண்ணும் பக்கத்தில் எங்கும் இல்லை. அங்கே போகும்போது ஆங்கில மருந்துச் சீட்டுகளை மறைக்காமல் எடுத்துப்போக வேண்டும். சித்த வைத்தியர் கோபித்துக்கொள்வார் என்று இங்கேயும், ஆங்கில டாக்டர் திட்டுவார் என்று அங்கேயும் மறைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

அவர் இன்னொன்றும் கேட்டார். விடிகாலை இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் மனதில் என்ன ஓடும் என்று. பெரியம்மா பதில் சொல்லவில்லை, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படுத்ததும் தூக்கம் வராமல் இருப்பது ஒரு வகை. தூங்கிவிட்டு நடுச்சாமத்தில் முழித்து மறுபடி தூங்க முடியாமல் கிடப்பது, கூடவே பசி குறைவது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது எல்லாம் மனச்சோர்வு நோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது. மூலிகைக் கேப்சூல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், சிகிச்சை தள்ளித்தள்ளிப் போகும். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "இயற்கை"க்கு மாறுகிறேன் என்று திடீரென நிறுத்துவது இன்னும் மோசம். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்நேரமும் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுகிறவர்களுக்கும் இதே பேச்சு பொருந்தும். அவர்களுக்கு வேண்டியது மூச்சடைப்புக்கான பரிசோதனை, தூக்க மருந்து எதுவும் முதலில் வேண்டாம்.

சித்த மருத்துவமனையிலிருந்து பெரியம்மாவைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். போக மாட்டேன் என்று இரண்டு வாரம் மல்லுக்கட்டினாள், அப்புறம் வந்தாள். இரவுக்கு ஒரு மாத்திரை எழுதினார்கள். அதைவிட அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது அங்கே சொன்ன இன்னொரு விஷயம்: ஒன்பது மணிக்குப் பாயை விரிக்காதே, தூக்கம் கண்ணைச் சொக்கும்போது படு, முழிப்பு வந்து கால் மணி, இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் உட்கார், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழு, பகல் தூக்கம் வேண்டாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கும் முன்னால் உலகம் முழுக்கச் சொல்லும் முதல் சிகிச்சை இந்த வகைப் பழக்க மாற்றம்தான். சாயங்காலம் ஆறு மணிக் காப்பியையும் விடச் சொன்னார்கள். அதை விடுவதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

இப்போது பதினொரு மணிக்குப் படுக்கிறாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இன்னும் முழிப்பு வருகிறது. எழுந்து வாசல் பல்பைப் போட்டுவிட்டுப் பூத் தொடுக்கிறாள். ஜவுளிக்கடை மஞ்சப் பை ஒன்றில் தைராக்சின், ஐகிரவுண்டு மாத்திரை, முட்டு வலிக்கு வாங்கிய தைலம், மீதி இருந்த அந்த அசுவகந்தா பாட்டில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறாள். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வேலையாக அந்தப் பையை மேஜையில் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறாள்.